மீன் தொட்டித் தண்ணீருக்கு ஒரு எக்ஸெல் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல் புரோகிராமை ஒரு முறை திறந்து பார்ப்பார்கள். கட்டம் கட்டமாக இருப்பதைப் பார்த்து, "இது ஆபீஸ் வேலைக்கு, நமக்கு எதற்கு?" என்று மூடிவிடுவார்கள். வீட்டு வரவு செலவு எழுத நோட்டுப் புத்தகமே போதும் என்பது அவர்கள் வாதம். அதில் தவறில்லை. ஆனால் நோட்டுப் புத்தகத்தால் செய்ய முடியாத, எக்ஸெல் மட்டுமே எளிதாகச் செய்து தரும் வீட்டு வேலைகள் சில உண்டு. அவற்றில் ஒன்றை இங்கு பார்ப்போம். இதில் கணக்கு தவறினால் நஷ்டம் பணத்தில் இல்லை, மீன்களின் உயிரில்.

என் வீட்டு மொட்டை மாடியில் 300 லிட்டர் தண்ணீரில் ஒரு அக்வாபோனிக்ஸ் அமைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்காக நான் தயாரித்த ஒர்க்ஷீட்டைத்தான் படிப்படியாக விளக்குகிறேன். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம். மெனு பெயர்கள் சற்று மாறும், கணக்கு ஒன்றுதான்.

அக்வாபோனிக்ஸ் என்பது என்ன?

மீன் தொட்டித் தண்ணீரை ஒரு சிறிய பம்ப் மூலம் ஜல்லி நிரப்பிய செடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம். அங்கே மண் கிடையாது. தண்ணீர் ஜல்லி வழியே வடிந்து மீண்டும் மீன் தொட்டிக்கே வருகிறது. மீன்களின் கழிவு செடிகளுக்கு உரமாகிறது. செடிகள் தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன. புதினா, கீரை வகைகள் எல்லாம் இதில் நன்றாக வளரும்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் மீனுக்கும் செடிக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது கூட்டாளி ஒருவர் இருக்கிறார். அவர் வந்து குடியேறும் முன் மீனை விட்டால் மீன் பிழைக்காது.

தண்ணீருக்குள் நடப்பது

மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிச்சமாகும் உணவு அழுகினாலும் அம்மோனியாதான். இது மீனுக்கு நஞ்சு. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் இதனை நைட்ரைட் ஆக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான். அது மீனின் ரத்தத்தில் கலந்து ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும். தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். அடுத்து நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர் வகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக மாற்றுகின்றன. நைட்ரேட் மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாது. செடிகள் விரும்பி உண்பதும் இதைத்தான்.

இந்தப் பாக்டீரியாக்கள் ஜல்லியில் குடியேறி, போதிய அளவு பெருக பொதுவாக 3 முதல் 5 வாரங்கள் ஆகும். இதனை "சைக்ளிங்" என்று சொல்வார்கள். இந்த நாட்களில் தண்ணீர் பளிங்கு போல் தெளிவாக இருக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் நிறம் காட்டாதவை என்பதால், கண்ணால் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. எண்களைத்தான் நம்ப வேண்டும்.

என்னென்ன தேவை?

1. நன்னீருக்கான சோதனை கிட். வண்ணமீன் கடைகளிலும் இன்டர்நெட் கடைகளிலும் கிடைக்கும். பி.எச்., அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய நான்கையும் அளப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சிறு குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, சில நிமிடங்கள் கழித்து வண்ண அட்டையுடன் ஒப்பிட வேண்டும்.

2. ஒரு தெர்மாமீட்டர்.

3. அம்மோனியா தருவதற்குத் தூய அமோனியம் குளோரைடு. ரசாயனப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும். நவச்சாரம் என்பதும் இதுவே என்றாலும், ஈயம் பூசுவதற்காக விற்கப்படும் கடைச்சரக்கு வேண்டாம். அதில் வேறு பொருட்கள் கலந்திருக்கலாம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது பாக்டீரியாவையும் கொல்லும். எனவே தண்ணீரைப் பிடித்து, காற்று பம்ப் ஓடவிட்டு, ஓரிரு நாட்கள் வைத்த பிறகு பயன்படுத்துங்கள். ஜல்லியையும் சோதியுங்கள். ஒரு கல் மீது சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்து வந்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, பி.எச். அளவைத் தொடர்ந்து ஏற்றிக்கொண்டே இருக்கும். அந்த ஜல்லியைத் தவிர்க்கவும். தொட்டிக்கு நேரடி வெயில் படாமல் மறைப்பு போடுங்கள். வெயில் பாக்டீரியாவுக்கு ஆகாது; பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

மீன் இல்லாமலே பாக்டீரியாவை வளர்க்க, தண்ணீரில் அம்மோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) இருக்குமாறு அமோனியம் குளோரைடு கரைக்க வேண்டும். கணக்கு இதுதான்: லிட்டர் அளவை 2 ஆல் பெருக்கி, மீண்டும் 3.14 ஆல் பெருக்கி, 1000 ஆல் வகுக்கவும். 300 லிட்டருக்கு 1.9 கிராம் வரும். சமையலறைத் தராசில் இவ்வளவு சிறிய எடை சரியாக நிற்காது. நகை எடை போடும் சிறிய டிஜிட்டல் தராசு நல்லது. ஒரு மக் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள்.

ஒர்க்ஷீட் தயாரித்தல்

எக்ஸெல் திறந்து புதிய ஒர்க்புக் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் படுக்கை வரிசையில், இடமிருந்து வலமாக இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: தேதி, வெப்பம், பி.எச்., அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், உணவு (கிராம்), நச்சு அம்மோனியா, குறிப்பு. மொத்தம் 9 நெட்டு வரிசைகள்.

பின்னர் வியூ டேப் சென்று, ப்ரீஸ் பேன்ஸ் என்பதில் கிளிக் செய்து, ப்ரீஸ் டாப் ரோ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி எவ்வளவு கீழே சென்றாலும் தலைப்பு வரிசை மறையாது.

தேதியை டைப் செய்யக்கூட வேண்டாம். தேதி செல்லில் கர்சரை வைத்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி செமிகோலன் கீயைத் தட்டினால் இன்றைய தேதி வந்து அமர்ந்துகொள்ளும்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ஒரு நாள் நைட்ரேட் சோதிக்கவில்லை என்றால் அந்தச் செல்லைக் காலியாக விடுங்கள். 0 என்று எழுதாதீர்கள். 0 என்றால் "சோதித்தேன், ஒன்றும் இல்லை" என்று பொருள். காலி என்றால் "சோதிக்கவில்லை" என்று பொருள். வரைபடம் போடும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

சோதனையைத் தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். பாசியும் செடியும் பகலில் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் மாலையில் பி.எச். ஏறியிருக்கும், விடியற்காலையில் இறங்கியிருக்கும். ஒரு நாள் காலை, மறுநாள் மாலை என்று அளந்தால் இல்லாத ஏற்ற இறக்கம் தெரியும்.

தவறான எண் நுழையாமல் தடுக்க

அவசரத்தில் 7.6 என்பதற்குப் பதில் 76 என்று டைப் செய்வது எல்லாருக்கும் நேரும். இதனை எக்ஸெல்லே தடுத்து நிறுத்தும். பி.எச். நெட்டு வரிசையில், தலைப்பை விட்டுவிட்டு, அடுத்து ஒரு நூறு செல்களைத் தேர்ந்தெடுங்கள். டேட்டா டேப்பில் டேட்டா வேலிடேஷன் கிளிக் செய்யுங்கள். டயலாக் பாக்ஸில், அலவ் என்ற கட்டத்தில் டெசிமல் தேர்ந்தெடுத்து, மினிமம் 4, மாக்ஸிமம் 10 என்று கொடுத்து ஓகே தட்டுங்கள். இனி 76 என்று டைப் செய்தால் எக்ஸெல் எச்சரிக்கை காட்டி மறுத்துவிடும்.

நச்சு அம்மோனியா பார்முலா

நோட்டுப் புத்தகத்தால் முடியாத வேலை இங்குதான் தொடங்குகிறது. சோதனை கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. தண்ணீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று அம்மோனியம், அதனால் மீனுக்குப் பெரிய ஆபத்து இல்லை. மற்றொன்று கட்டற்ற அம்மோனியா. இதுதான் செவுளை அரிக்கும். எது எவ்வளவு என்பதை பி.எச். அளவும் வெப்பமும் முடிவு செய்கின்றன. 1975ல் வெளியான எமர்சன் குழுவினரின் சமன்பாட்டை இன்றும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது படுக்கை வரிசையில், நச்சு அம்மோனியா தலைப்பின் கீழ் உள்ள செல்லில் கர்சரை வைத்து இதனை அமைக்கவும்:

=அம்மோனியா/(1+10^(0.09018+2729.92/(வெப்பம்+273.15)-பி.எச்.))

அம்மோனியா, வெப்பம், பி.எச். என்று சொற்கள் வரும் இடங்களில் அந்தச் சொல்லை டைப் செய்ய வேண்டாம். அதே படுக்கை வரிசையில் அந்தத் தலைப்பின் கீழ் உள்ள செல்லில் மவுஸால் கிளிக் செய்யுங்கள். அந்தச் செல்லின் முகவரியை எக்ஸெல் தானாகவே எழுதிக்கொள்ளும். மற்ற எண்களையும் குறிகளையும் அப்படியே டைப் செய்யுங்கள். ^ குறி, ஷிப்ட் கீயுடன் 6 தட்டினால் கிடைக்கும். அடைப்புக் குறிகளை எண்ணிச் சரிபார்த்து என்டர் தட்டுங்கள்.

சரியாக வந்திருக்கிறதா? வெப்பம் 28, பி.எச். 8, அம்மோனியா 2 என்று கொடுத்துப் பாருங்கள். 0.13 என்று வர வேண்டும். இப்போது பி.எச். மட்டும் 7 என மாற்றுங்கள். 0.014 ஆகச் சரியும். கிட் காட்டும் வண்ணம் இரண்டு நாளும் ஒன்றேதான்; நஞ்சு மட்டும் ஏறக்குறைய 10 மடங்கு வேறுபடுகிறது. கட்டற்ற அம்மோனியா 0.05 பி.பி.எம். தாண்டினாலே செவுள்கள் பாதிக்கப்படத் தொடங்கும் என்பது மீன் வளர்ப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை.

பார்முலாவை மற்ற நாட்களுக்கும் கொண்டுசெல்ல, அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுங்கள். மூன்று எண்களும் நிரப்பப்பட்ட நாட்கள் வரை மட்டும் இழுக்கவும். பி.எச். செல் காலியாக இருந்தால் எக்ஸெல் அதனை 0 என எடுத்துக்கொண்டு, ஆபத்தே இல்லாதது போல் ஒரு விடையைத் தரும்.

எச்சரிக்கை வண்ணம்

நச்சு அம்மோனியா நெட்டு வரிசையில் தலைப்பை விட்டுவிட்டு மற்ற செல்களைத் தேர்ந்தெடுங்கள். ஹோம் டேப்பில் கண்டிஷனல் பார்மட்டிங், அதில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், அதில் கிரேட்டர் தேன் எனச் செல்லுங்கள். 0.05 என்று கொடுத்து சிவப்பு நிறம் தேர்ந்தெடுங்கள். நைட்ரைட் வரிசைக்கும் இதேபோல் 1 என்று கொடுங்கள். தலைப்பையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் அதுவும் சிவப்பாகிவிடும். எக்ஸெல் கணக்கில் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது!

வரைபடம் வரைதல்

பத்து நாள் டேட்டா சேர்ந்ததும் வரைபடம் போடலாம். தேதி வரிசையைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் வரிசைகளையும் தேர்ந்தெடுங்கள். இன்சர்ட் டேப்பில் லைன் சார்ட் கிளிக் செய்யுங்கள். மூன்று கோடுகள் கிடைக்கும். நைட்ரேட் எண் பெரிதாகும்போது மற்ற இரண்டும் தரையோடு ஒட்டிவிடும். அப்போது நைட்ரேட் கோட்டின் மீது ரைட் கிளிக் செய்து, பார்மட் டேட்டா சீரிஸ் பிரிவில் செகண்டரி ஆக்ஸிஸ் தேர்ந்தெடுங்கள். அதற்கு வலது பக்கம் தனி அளவுகோல் வந்துவிடும்.

வரைபடத்தைப் படிப்பது எப்படி?

என் ஒர்க்ஷீட்டில் பதிவான சில நாட்கள் (பி.பி.எம். அளவில்):

நாள் 1: அம்மோனியா 2, நைட்ரைட் 0, நைட்ரேட் 5
நாள் 8: அம்மோனியா 2, நைட்ரைட் 0.25, நைட்ரேட் 5
நாள் 15: அம்மோனியா 0.5, நைட்ரைட் 2, நைட்ரேட் 5
நாள் 20: அம்மோனியா 0, நைட்ரைட் 5, நைட்ரேட் 10
நாள் 27: அம்மோனியா 0, நைட்ரைட் 2, நைட்ரேட் 20
நாள் 34: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40

அம்மோனியா தீரும்போதெல்லாம் மீண்டும் சிறிது சேர்த்துவந்தேன். இல்லாவிட்டால் பாக்டீரியா பட்டினி கிடக்கும். நைட்ரைட் உச்சத்தில் இருந்த வாரத்தில் மட்டும் சேர்க்கும் அளவைப் பாதியாக்கினேன்.

20ம் நாளைக் கவனியுங்கள். அம்மோனியா 0. என் அக்கா மகன் அன்றே மீன் வாங்கப் பையோடு தயாராகிவிட்டான். வரைபடத்தைக் காட்டினேன். ஒரு கோடு தரையைத் தொட்ட நாளில் அடுத்த கோடு மலை உச்சியில் நின்றது. "இது இறங்கணும், இல்ல மாமா?" என்று அவனே கேட்டுவிட்டுப் பையை மடித்து வைத்தான். அம்மோனியாவை மட்டும் அளப்பவர்கள் மீனை இழப்பது இந்த இடத்தில்தான். கணக்கு தெரிந்தால் காரணமும் புரியும்: 1 பி.பி.எம். அம்மோனியா முழுவதும் மாறினால் 2.7 பி.பி.எம். நைட்ரைட் ஆகும். முதல் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிட்டது, இரண்டாவது இன்னும் வந்து சேரவில்லை என்பதே 20ம் நாளின் பொருள்.

சைக்ளிங் முடிந்ததற்கான சோதனை இதுதான்: 2 பி.பி.எம். அம்மோனியா கொடுங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0க்குத் திரும்ப வேண்டும். இரண்டு, மூன்று நாட்கள் தொடர்ந்து இப்படி வந்தால் மீன் வாங்கலாம்.

எண்களை எழுதும் முன் கிட்டுடன் வரும் தாளைப் படித்துவிடுங்கள். சில கிட்கள் நைட்ரேட் அளவை அதிலுள்ள நைட்ரஜன் அளவாக மட்டும் காட்டும். அதனை 4.43 ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட் அளவு. இரண்டு வகைக் கிட்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் வரைபடம் பொய் சொல்லும்.

மீன்கள் வந்த பிறகு

முதலில் நான்கைந்து மீன்கள் போதும். உணவு வரிசை இப்போதுதான் உதவிக்கு வருகிறது. உணவின் எடையைப் புரத விகிதத்தாலும் 0.092 ஆலும் பெருக்கினால், அதிலிருந்து உண்டாகும் அம்மோனியா ஏறக்குறையக் கிடைக்கும். 32 சதவீதப் புரதம் உள்ள உணவு 10 கிராம் என்றால் 0.29 கிராம். 300 லிட்டரில் இது ஒரே நாளில் ஏறக்குறைய 1 பி.பி.எம். பாக்டீரியா இல்லாத தொட்டியில் இது நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். எனவே உணவை ஒரே நாளில் இரட்டிப்பாக்காதீர்கள். வாரம் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். அரை மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள்.

கோடை காலத்தில் இன்னொரு கவலை. 20 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு ஆக்ஸிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் 7.5 தான். மீனுக்கு 5க்கு மேல் வேண்டும். பாக்டீரியாவும் அதே ஆக்ஸிஜனைப் பங்கு கேட்கும். மின்வெட்டு வந்தால் சமாளிக்க பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள்.

சைக்ளிங் முடிந்த பிறகு வாரம் ஒரு முறை சோதித்தால் போதும். அப்போது பார்க்க வேண்டிய கோடு பி.எச். பாக்டீரியா வேலை செய்யும்போது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுவிடும். அதனால் பி.எச். மெல்ல மெல்ல இறங்கும்; 7.6 என்பது 7.2, 6.8 எனப் போகும். செடிகளுக்கு 6க்கும் 7க்கும் இடைப்பட்ட அளவு பிடிக்கும் என்பதால் இது நல்லதுதான். 6க்குக் கீழே சென்றால் பாக்டீரியா சோர்ந்துவிடும். அம்மோனியா மீண்டும் தலைதூக்கும். 6.5 நெருங்கும்போது, கழுவிய கிளிஞ்சல்களைத் துணிப்பையில் கட்டித் தண்ணீர் ஓடும் இடத்தில் போடுங்கள். மெதுவாகக் கரைந்து சரிக்கட்டும்.

பாதித் தண்ணீரை மாற்றலாமா?

அம்மோனியா ஏறிவிட்டால் எல்லாரும் சொல்லும் வைத்தியம், "பாதித் தண்ணீரை மாற்று" என்பது. மாற்றும் முன் உங்கள் ஒர்க்ஷீட்டில் ஒரு காலி வரிசையில் சோதித்துப் பாருங்கள்.

தொட்டியில் பி.எச். 6.8, வெப்பம் 28, அம்மோனியா 3 என்று வைத்துக்கொள்வோம். பார்முலா தரும் நச்சு அம்மோனியா 0.013. எல்லைக்கு வெகு கீழே. இப்போது கடினத்தன்மை மிக்க போர்வெல் தண்ணீரைப் பாதி ஊற்றுகிறோம். அம்மோனியா 1.5 ஆகக் குறைகிறது, ஆனால் பி.எச். 7.8 ஆக ஏறிவிடுகிறது என்றால்? எண்களை மாற்றிப் பாருங்கள். விடை 0.063. அம்மோனியா பாதியானது, நஞ்சோ ஏறக்குறைய 5 மடங்கானது! செல் சிவப்பாகிவிடும். நல்லது செய்வதாக நினைத்து மீனைக் கொல்லும் வழி இது.

அதனால் முதலில் உணவை நிறுத்துங்கள். காற்றைக் கூட்டுங்கள். மாற்றப் போகும் தண்ணீரின் பி.எச். அளவையும் சோதியுங்கள். தொட்டியின் அளவுக்கு அருகில் இருந்தால் தாராளமாக மாற்றலாம். வேறுபாடு அதிகம் என்றால் நாளுக்குப் பத்தில் ஒரு பங்காக மாற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து, எக்ஸெல் என்ன நிறம் காட்டுகிறது என்று பாருங்கள்.

பைலைப் பாதுகாக்க

தொட்டியின் பெயரும் தொடங்கிய மாதமும் வருமாறு பைலுக்குப் பெயர் கொடுத்து சேவ் செய்யுங்கள். வாரம் ஒரு முறை பென் டிரைவிலும் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பு வரிசையைக் காலியாக விடாதீர்கள். மழைத் தண்ணீர் சேர்ந்தது, புதிய மீன் விட்டது, மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாதது என எதுவானாலும் அங்கே எழுதுங்கள். சில மாதங்கள் கழித்து வரைபடத்தில் ஒரு மேடு தெரிந்தால், காரணத்தை அந்த வரிதான் சொல்லும்.

இந்த ஒர்க்ஷீட்டைத் தயாரிக்க அரை மணி நேரம் போதும். தினமும் எண்களை நிரப்ப ஐந்து நிமிடம். தொட்டியில் தண்ணீர் நிரப்பும் அன்றே முதல் வரியை எழுதிவிடுங்கள். மீன் வாங்கும் நாளைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாமல், நைட்ரைட் கோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.